பால் ஊருக்கு, காளங்கன்னு சேரிக்கு

மசினகுடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு யானை, புலி, ரிசார்ட், கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவு. எங்களுக்கு மசினகுடி என்றால் மாடு. மாட்டை வைத்துத்தான் ஊர் பிழைத்தது. பால் சொசைட்டிக்குப் போகும். சாணி லாரியில் ஏறிக் கேரளாவுக்கும், தேயிலை காபி எஸ்டேட்டுகளுக்கும் போகும். ஒரு லிட்டர்கூட ஒழுங்காகக் கறக்காத மாட்டையும் சாணிக்காகவே வைத்திருக்கிற பட்டிகள் எங்கள் பக்கம் உண்டு. பகலில் மாடு காட்டில் மேயும், இராத்திரி பட்டியில் சாணி போடும். காலையில் அதை அள்ளிக் குமிக்கிற கைகள் எங்க காலனிப் பெண்களுடையவை, பக்கத்து இருளர் குடியிருப்புப் பெண்களுடையவை. அள்ளுகிற கைக்குக் கூலி, குமியலுக்கு விலை வேறு. அந்த விலை எவ்வளவு என்று என் அம்மாவுக்கு இருபது வருஷமாகியும் தெரியாது.

இந்தப் பிழைப்பில் ஒரே ஒரு உருப்படிக்குத்தான் இடமில்லை. அது காளங்கன்னு.

பால் வேண்டுமென்றால் பசு கன்று போடணும். போடுகிற கன்றில் பாதி காளையாகத்தான் இருக்கும். கிடாரிக்கன்னு பொறந்தால் மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள். காளங்கன்னு பொறந்தால் முகம் சுருங்கிவிடும். நாட்டு மாடாக இருந்த காலத்தில் காளைக்கு ஏரும் வண்டியும் இருந்தது. சினை ஊசி வந்து ஜெர்சிக் கலப்பு பெருகிய பிறகு, திமில் இல்லாத கழுத்தில் நுகத்தடி உட்காருவதில்லை. வெயில் தாங்குவதில்லை. டிராக்டர் வேறு வந்துவிட்டது. அதனால் காளங்கன்னுக்கு மடியை விடமாட்டார்கள். சீம்பால் காலம் முடிந்ததும் தாய்க்கு முன்னால் பேருக்குக் காட்டிவிட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். பத்து இருபது நாளில் விலா எலும்பு தெரிய நிற்கும். தானாகச் செத்தால் பாவம் இல்லையாம். பசு புனிதம் என்று பேசுகிற வீடுகளில் இப்படிப் பட்டினி கிடந்து செத்த கன்றுகளை நான் எண்ணி வைத்ததில்லை. எண்ணினால் பக்கம் போதாது.

சாகக் கிடக்கிற கன்றுதான் எங்க வீட்டுக்கு வரும். "ஏ புள்ளே, இதை ஓட்டீட்டுப் போயிரு. பொழச்சா உன்ற பாடு" என்பார் பட்டிக்காரர். அவரைவிட என் அம்மா நாலு வயசு மூத்தது. அம்மா "செரிங்க மொதலாளி" என்று கயிறை வாங்கிக்கொள்ளும். இனாம் என்று சொல்லித்தான் கொடுப்பார். பிறகு ஒரு மாதம் பட்டியில் கூலி குறையும். "கன்னுக்குட்டி கொடுத்தேனில்ல" என்பார். எங்க அம்மா எழுதப் படிக்கத் தெரியாதது. ஆனால் குறைத்த நாள்கூலியைக் கூட்டிப் பார்த்து, "இனாமுக்கு இந்த வெலையா" என்று வீட்டுக்கு வந்து கேட்கும்.

எங்க தாத்தா கீழ்நாட்டிலிருந்து வந்தவர். சத்தியமங்கலம் பக்கம். ஊர் சொன்ன சாதிப்பேர் ஒன்று, நாங்கள் சொல்லிக்கொள்கிற பேர் அருந்ததியர். கீழே அவருக்கு வேலை செத்த மாடு தூக்குவது, தோல் உரிப்பது, கவலைக்குத் தோல்பறி தைப்பது. யார் வீட்டில் மாடு செத்தாலும் போகணும். கூலி கிடையாது, கறிதான் கூலி. அதுவும் கெட்டுப்போவதற்கு முன்னால் செத்திருந்தால். 1932இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் மாயாறு மின்நிலையத்துக்குக் கல் உடைக்க, மண் சுமக்க ஆள் எடுத்தார்கள். தாத்தா அதில் வந்து சேர்ந்தார். "மலேரியாக் காடுன்னாங்க. கீழ இருக்கறத விட மலேரியா மேலுன்னு வந்தேன்" என்பாராம். மேலே வந்த பிறகு செத்த மாட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். கடைசிவரை தொடவில்லை. ஆனால் மாட்டுக்கறி தின்றார். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்கு எம்.ஏ. முடிக்க வேண்டியிருந்தது.

அம்மா கன்று வளர்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மூன்று சென்ட் மனை. பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு. சிறுத்தை நடமாடுகிற ஊர் என்பதால் கன்று சின்னதாக இருக்கும்வரை அது வீட்டுக்குள்தான் படுக்கும். அரிசிக் கஞ்சியில் கொஞ்சம் வெல்லம், உப்பு கரைத்து விரலை வாயில் விட்டுப் பழக்கும். கழிச்சல் கண்டால் மாதுளந்தோல் கஷாயம். மூன்று மாசம் தாண்டினால் கழுநீர், தவிடு, கொஞ்சம் கடலைப்புண்ணாக்கு. சாயங்காலம் பட்டி வேலை முடிந்து வரும்போது தலையில் ஒரு கட்டுப் புல் இல்லாமல் வராது. புல்லில் உண்ணிச்செடித் தழை கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பிடியாகப் பிரித்துப் பார்க்கும். முதுமலைக் காடு முழுக்கப் பரவிக் கிடக்கிற அந்தச் செடியைத் தின்றால் மாட்டுக்கு மஞ்சள்காமாலை மாதிரி வரும், வெயிலில் தோல் வெந்து உரியும். மாட்டு உண்ணியை இராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு பிடுங்குவது என் வேலை, தங்கச்சி வேலை. கோமாரி ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகவேண்டும். ஒரு வருஷம் சுமாருக்குக் காயடிக்க வேண்டும். முன்பு கிட்டி போட்டு நசுக்குவார்களாம், மாடு நாலுநாள் படுத்துக்கிடக்குமாம். இப்போது ஆஸ்பத்திரியில் இடுக்கி வைத்து அடித்து விடுகிறார்கள். காயடித்த பிறகுதான் சதை பிடிக்கும். ஆளைக் கண்டால் முட்டாது. அம்மாவின் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டு பின்னாலேயே வரும்.

பல்லைப் பார்த்துத்தான் வயசு. இரண்டு, இரண்டரை வருஷத்தில் பால்பல் விழுந்து முதல் ஜோடி போடும். அது இரண்டு பல் மாடு. பிறகு நாலு பல், ஆறு பல். நாலு வயசைத் தாண்டி எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டால் 'கடை சேர்ந்தது' என்பார்கள். எங்க அம்மா நாலு பல்லுக்கு மேல் நிறுத்தாது. அதற்கு மேல் தின்கிற தீனிக்குத் தகுந்த சதை ஏறாது என்று அதற்குத் தெரியும்.

அம்மா அதை மாடு என்று சொல்லாது, 'சீட்டு' என்று சொல்லும். "இந்த வருஷம் சீட்டு நல்லா ஏறுது" என்னும். பணமாக இருந்தால் எங்கப்பா குடித்துவிடுவார். நகையாக இருந்தால் அடகுக் கடைக்குப் போய்விடும். கேட்டவருக்குக் கடன் கொடுக்கவேண்டியிருக்கும். மாட்டை அப்படிப் பிய்த்துக் கொடுக்க முடியாது. 2011இல் நான் எம்.ஏ. தமிழ் சேர்ந்தபோது கட்டிய பணமும் ஆஸ்டல் முன்பணமும் ஒரு கரியன். 13,500 ரூபாய்க்குப் போனான். தங்கச்சியின் நர்சிங் படிப்பு ஒரு செவலையன். வீட்டுக்குச் சுவர் வைத்தது இன்னொருவன். எங்க குடும்பத்தில் படித்தவர்கள் எல்லாரும் இப்படி ஒரு காளங்கன்னின் மேல் ஏறித்தான் கரையேறினோம்.

வாங்க வருகிற வியாபாரி கூடலூர்க்காரர். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். பெண்பிள்ளையிடம் விரல் பிடித்துப் பேச முடியாதென்று முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டார். "வளத்தது நானு, வாயில சொல்லு" என்றது அம்மா. அன்றிலிருந்து எங்க வீட்டில் விலை சத்தமாகத்தான் பேசப்படுகிறது. கயிறை மாற்றிக் கட்டும்போது அம்மா பழைய கயிறைக் கொடுக்காது, அவிழ்த்து எடுத்துக்கொள்ளும். வண்டி போனபிறகு அன்றைக்குச் சோறு ஆக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடலூரிலிருந்து இரண்டு கிலோ கறி வாங்கிவரச் சொல்லும். பாதியை மிளகு சீரகம் போட்டு வறுக்கும். பாதியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து அடுப்புக்கு மேலே கட்டி உப்புக்கண்டம் போடும். அழுததும் பொய் இல்லை, தின்றதும் பொய் இல்லை. வளர்த்தவருக்குத்தான் இரண்டும் வரும். வளர்க்காமல் பால் மட்டும் குடிக்கிறவர்களுக்கு இரண்டும் வராது. அவர்களுக்குக் கருணை மட்டும் வரும்.

அந்தக் கரியனை விற்ற காசில் போன வகுப்பில் சங்க இலக்கியம் நடந்தது. அகநானூற்றில் மழவர் கொழுத்த ஆவைத் தின்ற செய்தி வருகிற பாட்டில், ஆசிரியர் பாலைத்திணையை விளக்கினார், மழவரின் அம்பை விளக்கினார், தின்றதைத் தாண்டிப் போய்விட்டார். தாண்டிப் போனது எனக்குக் கேட்டது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வருகிறார். நந்தனார். அவர் கோயிலுக்குள் போகமுடியாது. ஆனால் கோயில் பேரிகைக்குத் தோலும், இழுத்துக் கட்ட வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அவர்தான் கொடுக்கிறார். கோரோசனை எங்கிருந்து வருகிறது? மாட்டின் பித்தப்பையிலிருந்து வருகிறது. மாட்டை அறுத்தால்தான், உரித்தால்தான் வரும். அறுத்து எடுத்த பொருள் கருவறை வரை போகிறது. எடுத்த கை வெளியே நிற்கிறது. எங்க ஊர்ச் சாணிக்கும் பாலுக்கும் இதே நியாயம்தான். தோலுக்கும் இதே நியாயம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் கப்பலேறி அந்நியச் செலாவணியாகத் திரும்பி வரும்போது அதற்குத் தீட்டு இல்லை.

இங்கே நம் இயக்கத்துக்குள் நடக்கிற ஒரு வாதத்தைத் தொட வேண்டும். சில தோழர்கள் சொல்கிறார்கள்: அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னார், இன்னும் ஏன் அதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று. வேறு சில தோழர்கள் பெருங்கறி விருந்து நடத்துகிறார்கள், அதுதான் எதிர்ப்பு என்கிறார்கள். 2017இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் நடத்தினார்கள். அதற்காக ஒரு மாணவர் கண்ணில் அடிபட்டார். அடி வாங்கியவர்களோடு நான் நிற்கிறேன். ஆனால் என் அம்மாவின் சாய்ப்பிலிருந்து பார்த்தால் இரண்டு பேச்சிலும் ஒன்று விடுபட்டுப் போகிறது.

1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் பாபாசாகேப் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊரார் வீசுகிற எச்சிலை. செத்த மாடு தூக்குகிற அடிமை வேலையை. 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலில் அவர் இன்னும் ஆழமாகப் போகிறார். ஒரு காலத்தில் எல்லாரும் தின்றார்கள். பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பார்ப்பனர் பசுவைப் புனிதமாக்கி விட்டுவிட்டார்கள். செத்த மாட்டைத் தின்பதை விடமுடியாத நிலையில் வைக்கப்பட்ட சிதறுண்ட மக்கள்மேல் தீட்டு விழுந்தது என்பது அவர் வாதம். அதாவது பிரச்சனை நாக்கில் இல்லை, நிலையில் இருக்கிறது. செத்த மாடு ஊர் நம் தலையில் கட்டுகிற பொருள். அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது, விலை பேச முடியாது. வளர்த்த மாடு நம் சொத்து. விலை சொல்லலாம், கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம், வாயால் சத்தமாகப் பேசலாம். எங்க தாத்தா செத்த மாட்டை விட்டதும், எங்க அம்மா உயிர் மாட்டை வளர்த்ததும் ஒரே போராட்டத்தின் இரண்டு அடி. கறி விருந்து பற்றிப் பேசுகிற தோழர்கள் இந்தச் சொத்து பற்றிப் பேச வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஏனென்றால் சட்டம் கை வைப்பது அங்கேதான். அரசமைப்புச் சட்டத்தின் 48ஆவது பிரிவைக் காட்டித்தான் நாடெங்கும் பேச்சு. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாடு பத்து வயசைத் தாண்டியிருக்க வேண்டும், வேலைக்கும் இனவிருத்திக்கும் லாயக்கில்லாமல் இருக்க வேண்டும், அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அறுக்கச் சான்று. 1976 முதல் பசுவுக்கும் கிடாரிக்கும் அதுவும் இல்லை. ஏர் ஓட்டுகிற காளையை மனதில் வைத்து எழுதிய சட்டம். ஏரே பூட்ட முடியாத ஜெர்சிக் காளைக்கு இது என்ன சொல்கிறது? நாலு பல்லில் சதை பிடித்து நிற்கிற மாட்டை இன்னும் ஏழு வருஷம் சும்மா நிறுத்தித் தீனி போடு என்கிறது. தவிடு விற்கிற விலையில் யார் போடுவது? பட்டிக்காரர் போடமாட்டார், அதனால்தான் பால் காலத்திலேயே பட்டினி போட்டு முடிக்கிறார். எங்க அம்மாவும் போட முடியாது. உயிரோடு விற்கிறது. மலையிறங்கிப் போன மாடு எந்த வயசாக எழுதப்படுகிறது என்பது எங்கள் கைக்கு அப்பால். ஆனால் அந்த ஆபத்து முழுக்க விலையில் கழிக்கப்படுகிறது. வழியில் மறிக்கிறவர்களுக்கு, காசு கேட்கிறவர்களுக்கு ஆகிற செலவை வியாபாரி தன் மடியிலிருந்து கொடுப்பதில்லை. அம்மாவின் சீட்டில் தள்ளுகிறார். கர்நாடக எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பசு, காளை, எருது எல்லாவற்றையும் அறுக்கத் தடை போட்டது. அடுத்த தடவை வியாபாரி விலை பேசும்போது அதையும் சொல்லித்தான் குறைத்தார்.

2017 மே மாதம் ஒன்றிய அரசு போட்ட விதி, சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கவே கூடாது என்றது. மதுரைக் கிளை அதே மாதம் 30ஆம் தேதி இடைக்காலத் தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் ஆக்கியது. இடைப்பட்ட நாட்களில் எங்க தெருவில் நாலு மாடு விலை கேட்க ஆளில்லாமல் நின்றது. பத்திரிகைகளில் உணவு உரிமை என்று எழுதினார்கள், சரிதான். எங்க தெருவில் அது பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுகிற மாதமாக இருந்தது.

மசினகுடியில் இன்னொரு வேலியும் உண்டு. 2007இல் முதுமலை புலிகள் காப்பகம் ஆனது. பிறகு எங்க ஊரைச் சுற்றிய காடு வெளிமண்டலமாகச் சேர்ந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டது. அதே மாதத்தில் அதைத் திருத்தி சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சுருக்கிய பிறகும் நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம். 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டைச் சார்ந்து இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930. சிங்காராவில் கரண்டு வந்ததே 1932. ஊட்டிக்கும் கோயமுத்தூருக்கும் வெளிச்சம் கொடுக்க மலேரியாக் காட்டில் கல் உடைத்தவர்களின் பிள்ளைகள், சில வருஷம் பிந்தி வந்தார்கள் என்று உரிமை இல்லாதவர்கள் ஆனோம்.

எனக்குப் புலிமேல் கோபம் இல்லை. 2021 அக்டோபரில் எங்க பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைப் புலி கொன்றது. இரண்டு வாரம் ஊர் வீட்டுக்குள் கிடந்தது. டி23 என்று நம்பர் போட்ட அந்தப் புலியை 15ஆம் தேதி உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு பிடித்தது நல்லது. 2023இல் எமரால்டு பக்கம், புலி அடித்த மாட்டில் விஷம் வைத்து இரண்டு புலி செத்தது. மாட்டுக்காரர் கைதானார். விஷம் வைப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. சாகிற மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகள் தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கிற சில இடங்களில் எங்க சீகூர், மாயாறு பள்ளத்தாக்கும் ஒன்று. மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக் மருந்து அவற்றைக் கொன்றது என்று கண்டு 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். எங்க அம்மா மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடும்போதெல்லாம் "கழுகு சாகாத மருந்துதானே" என்று கேட்கும். கழுகுமேல் அக்கறை படித்தவர்களுக்கு மட்டும் இருக்கிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். செத்த மாட்டுக்குக் கழுகோடு போட்டி போட வைக்கப்பட்ட பரம்பரை எங்களுடையது. இன்று கழுகுக்கு அதன் பங்கு கிடைக்க வேண்டும் என்கிறோம். எங்களுக்கு எங்கள் பங்கு என்ன என்றும் கேட்கிறோம்.

நூறு மாடு காட்டுக்குள் ஓட்டுகிற பட்டியும், சாய்ப்பில் ஒற்றைக் காளங்கன்னு கட்டியிருக்கிற வீடும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது. காவலர் வந்து விரட்டும்போது மட்டும் ஒன்றில்லை. பட்டிக்காரருக்கு 'ஐயா, கொஞ்சம் பாத்து' என்று மரியாதை. புல்லுக்கட்டோடு வருகிற அம்மாவிடம் அரிவாள் பிடுங்கப்படுகிறது. பிடுங்கிய அரிவாள் இன்னும் திரும்பவில்லை.

நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நிலமில்லாத வீட்டுக்கு ஒன்றிரண்டு மாட்டுக்குத் தலைச்சுமைப் புல் அறுக்க அனுமதி. சாணி அள்ளுகிறவருக்குக் குமியல் விலையில் பங்கு. பால் சொசைட்டியில் உறுப்பினராகப் பசு வாங்கக் கடன். காளைக்குப் பத்து வயசு என்கிற விதியை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் வசதியோடு டாக்டர் பார்த்து அறுக்கிற கூடம் தாலுகாவுக்கு ஒன்று. இவ்வளவும் கிடைத்தால் வழிமறிக்கிறவர்களுக்குப் போகிற காசு வளர்த்தவர் கைக்கு வரும். கிடைக்கிறவரை கூட்டங்களில் பசுவைப் பற்றிப் பேச வருகிறவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: உங்கள் வீட்டுப் பாலுக்குப் பிறந்த காளங்கன்னு எங்கே?

எங்க வீட்டில் இப்போது இருப்பது ஒரு வெள்ளைக்கால் கன்று. ஏழு மாசம். பால்பல்தான். அம்மாவுக்கு முட்டிவலி, இனி வேண்டாம் என்று நானும் தங்கச்சியும் சொல்லிப் பார்த்தோம். அண்ணன் மகள் பத்தாவது படிக்கிறாள். "அவ காலேஜுக்குப் போறப்ப இது நாலு பல் போட்டிருக்கும்" என்று அம்மா கணக்குச் சொன்னது. அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை.